சங்குக்காக ஒரு வாரம்

"ஜெபத்துலயாவது அந்த மனுஷனை ‘அவர்’னு சொல்லுங்கம்மா."

"எதுக்கு?"

"ஒரு மரியாதைக்கு."

"என் தங்கச்சியோட மூணு விரலை அவன் மெஷின் எடுத்துக்கிச்சு பாஸ்டர். அவனுக்கு நான் ‘ர்’ போடணுமா? ஆண்டவருக்கும் ‘ர்’, இவனுக்கும் ‘ர்’ருன்னா அப்புறம் ஆண்டவருக்கு என்னதான் மிச்சம்?"

போதகர் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மூடி வைத்தார். ஆலயத்துக்குப் பின்னாலிருந்த அந்த அறையில், பாட்டுப் புத்தகங்களுக்கும் அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கும் நடுவே இரண்டு பேர் உட்காரத்தான் இடம். அந்தத் தங்கை, இளையவள், கதவோரமாக நின்றிருந்தாள்.

"நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று அவளைக் கேட்டார் போதகர்.

"அவ என்ன நினைப்பா? பாவம், சாப்பாடே இறங்கறதில்ல அவளுக்கு" என்றாள் மூத்தவள்.

அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மூத்தவள் துணி மடிக்கும் அறைக்குத் தலைவி. இருபத்திரண்டு வருஷமாக அவள் கை படாமல் ஒரு விரிப்பும் வார்டுக்குப் போனதில்லை. இளையவள் உருளை மெஷினில் இருந்தாள். துவைத்த விரிப்பைக் கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு இடையே விட்டால் அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு வந்துவிடும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். ஈர விரிப்பின் முனை பட்டாலும் நிற்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நின்றால் வேலை எப்படி ஓடும்? சூப்பர்வைசர் அந்தக் கம்பியை நாடாவால் இழுத்துக் கட்டிவைத்தார். மூத்தவள் பாஷையில், கட்டிவைத்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, விரிப்போடு இளையவளின் வலது கையும் உள்ளே போனது. அறிக்கையில் சூப்பர்வைசர் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தைதான் எழுதினார்: கவனக்குறைவு. அந்த வார்த்தை நிலைத்தால் இளையவள் திரும்ப வேலைக்குப் போக முடியாது. ஒரு விசாரணை முடிந்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரண்டாவது.

"முதல் விசாரணையில நான் சும்மா விட்டேனா? ‘என் தங்கச்சி அப்பாவி சார், அவளுக்கு மெஷினைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, சொன்ன வேலையைச் செய்வா’ன்னு அவ கையைத் தூக்கிக் காட்டினேன். மூணு அதிகாரியும் தலையைக் குனிஞ்சிக்கிட்டாங்க. அவனுக்காகப் போய் ஜெபம் பண்ணச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"எதிரிக்காக ஜெபம் பண்றதுன்னா அவர் செஞ்சது சரின்னு அர்த்தம் இல்லம்மா."

"அப்போ என்ன அர்த்தம்? வாயை மூடிக்கிட்டுப் போன்னு அர்த்தம். எல்லாரும் அதுக்குத்தான் அந்த வசனத்தை எடுக்கறாங்க."

போதகருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவர் சபையில் இந்த விஷயத்தில் முரண்டு பிடிப்பவள் இவள் ஒருத்தி மட்டும் இல்லை. நாத்தனாருக்காக ஜெபிக்க மாட்டேன் என்று ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரனுக்காக முடியாது என்று ஒருவர், இப்படி நாற்பது பேர். அதனால் அவர் ஒரு யோசனை வைத்திருந்தார்.

"சரி, உங்க எதிரிக்காக நீங்க பண்ண வேணாம். அடுத்தவங்க எதிரிக்காகப் பண்ணுங்க. அது சுலபம். ஒரு சீட்டுல உங்க எதிரியைப் பத்தி ஒரு வரி எழுதுங்க. முழுப் பேர் வேணாம், வம்பு வரும். ஒரு அடையாளப் பேர் போதும். அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பையில போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒண்ணு எடுப்போம். யார் கைக்கு யார் வந்தாலும் ஒரு வாரம் அவங்களுக்காக ஜெபம்."

"என் சீட்டை எடுக்கிறவங்க பாடு பாவம்தான்" என்று எழுந்தாள் மூத்தவள். வீட்டுக்குப் போனதும் இரண்டு சீட்டு எழுதினாள். முதல் சீட்டு: ‘சூப்பர்வைசர். அவனுக்குப் புத்தி வர.’ இரண்டாவது சீட்டும் அதேதான்.

"இந்தா, உனக்கும் எழுதிட்டேன். உன்னால எங்க எழுத முடியும்?"

இளையவள் வாங்கிக்கொண்டாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையிலிருந்து மூத்தவள் எடுத்த சீட்டில் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடந்தன. ‘எ’ ஒரு பக்கம் சாய்ந்தால் ‘ன்’ இன்னொரு பக்கம். பள்ளிக்கூடம் பார்க்காத கிழவி யாரோ எழுதியது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடியை மாட்டி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘சங்கு அவங்களுக்காக. கெட்டவங்க இல்ல. ஆனா என்னைப் பேசவே விடமாட்டேங்கறாங்க. என் பேச்சை நான் பேசணும்.’

மூத்தவளுக்கு எதையும் மனசுக்குள் செய்து பழக்கமில்லை. ஜெபமும் அப்படித்தான். திங்கட்கிழமை காலையில் படுக்கையறையில் அவள் முழங்காலிட்டால் சமையலறையில் ஆமென் சொல்லலாம்.

"ஆண்டவரே, இந்தச் சங்கு அவங்களை உம்முடைய கையில தர்றேன். அவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. கை வழுக்கிடுச்சு."

செவ்வாய்க்கிழமை மூத்தவளுக்கு அந்தக் கிழவியின் மேல் இரக்கம் கூடிவிட்டது. இரக்கம் கூடக்கூட சங்கின் மேல் கோபம் ஏறியது. ‘அவங்க’ போய் ‘அவ’ வந்தது.

"ஆண்டவரே, பேச விடாத அளவுக்கு அவ என்ன பெரிய மகாராணியா? வாயில்லாப் பூச்சியைப் போட்டு இந்தப் பாடு படுத்தறாளே, நீர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீரா?"

புதன்கிழமை ‘அவ’ளும் போயிற்று.

"அதோட நாக்கை ஒரு வாரத்துக்கு மேலண்ணத்துல ஒட்ட வையும் ஆண்டவரே. ஒரு வாரம் போதும். அந்தப் பாட்டி பேசட்டும். கெட்டவங்க இல்லன்னு வேற எழுதியிருக்கு, எவ்வளவு நல்ல மனசு! அந்த நல்ல மனசுக்காகவாவது அந்தச் சங்கை ஊதாம வையும்."

சமையலறையில் இளையவள் இருமினாள். இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் இருமினாள்.

"எதுக்குடி இப்படி இருமுற?"

"புரை ஏறிடுச்சு."

"யாரோ நினைக்கிறாங்க."

அன்று மதியம் சலவைக்கூடத்தில் தலையணை உறைகள் மலைபோல் குவிந்திருந்தன. மூத்தவளும் தையல்காரியும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். கிழிந்தவற்றைத் தையல்காரி தன் பக்கம் தள்ளிக்கொண்டாள். சுற்றிலும் நாலைந்து பேர்.

"பேர் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் எனக்கு மனசு ஆறலை. எங்க சபையில யாரோ ஒரு பாவப்பட்ட ஜென்மம். அவளைப் பேசவே விடாம ஒருத்தி அடக்கி வெச்சிருக்காளாம். பேரு பாரு, சங்காம், சங்கு!"

அறையில் இருந்த கைகள் எல்லாம் நின்றன. உருளை மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூலையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஒரு விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எதுக்குச் சிரிப்பு? ஒருத்தி கஷ்டம் உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"அக்கா…" என்றாள் தையல்காரி.

"என்ன அக்கா?"

"ஷிஃப்ட் முடிஞ்சா ஊதுமே, அந்தச் சங்கு. அது கெட்டுப்போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அதை யாரும் ரிப்பேர் பண்ணல. ஏன்னா… தேவைப்படல. நீங்க ‘மணியாச்சு, கிளம்புங்கடி’ன்னு ஒரு குரல் விடுவீங்க இல்ல? அது வாசல் வரைக்கும் கேக்கும்."

மூத்தவள் கையிலிருந்த உறையை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். எட்டாக மடிக்க அதில் இடமில்லை.

"பதினோரு வருஷமா?"

"செல்லமாத்தான் அக்கா…"

"பதினோரு வருஷமா என்னைச் சங்குன்னு கூப்பிட்டுட்டு, மூஞ்சிக்கு நேரா சொல்ல இங்க ஒருத்திக்கும் துப்பில்ல?"

"சொல்ல விட்டாத்தானே" என்றது விரிப்புக்குள்ளிருந்து ஒரு குரல்.

மூத்தவள் திரும்பினாள். வழக்கமாக அவள் வாயிலிருந்து வரும் சத்தம் வரவில்லை. அவள் மனசு வேறு கணக்கில் இருந்தது. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் சீட்டு சபையில் எழுதியது. இரண்டு இடத்துக்கும் போகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. இளையவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூத்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சீட்டைக் கீரையின் மேலேயே போட்டாள்.

"இது யாரு எழுத்து?"

இளையவள் சீட்டைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை.

"என்னோடது. இடது கையால."

"நீ எப்போ இடது கையால எழுதக் கத்துக்கிட்ட?"

"நாலு மாசமா. நீ வேலைக்குப் போனப்புறம்."

"நான்தான் உனக்கு எழுதிக் குடுத்தேனே!"

"அதான்."

அந்த ஒரு வார்த்தையில் மூத்தவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"நான் உனக்கு எதிரியா? சொல்லுடி! ஆறு மாசமா உனக்குச் சோறு ஊட்டினவ எதிரியா? தலை வாரிவிட்டவ எதிரியா? உனக்காக எத்தனை படி ஏறியிருப்பேன், எத்தனை பேர்கிட்ட வாய் வலிக்கக் கத்தியிருப்பேன்! அவன் கம்பியைக் கட்டினான், அவன் எதிரி. நான் எதைக் கட்டினேன்?"

"கத்தாதக்கா."

"கத்துவேன்! நான்தான் சங்காச்சே!"

"சரி, கத்து. கத்தி முடிச்சிட்டுச் சொல்லு. நான் இருக்கேன்."

ஆறு மாதத்தில் இளையவள் இப்படி ஒரு வாக்கியம் பேசி மூத்தவள் கேட்டதில்லை. அதனாலேயே நின்றாள்.

"அந்தக் கம்பி எதுக்கு இருக்கு தெரியுமாக்கா? கை பட்டா மெஷின் நிக்கணும். அவர் அதைக் கட்டி வெச்சாரு, மெஷின் நிக்கல. நான் வாயைத் திறந்தா நீ நிக்கணும். நீயும் நிக்கறதில்ல."

"நான் உன் நல்லதுக்குத்தான்…"

"பாத்தியா?"

மூத்தவள் வாயை மூடினாள். மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"முதல் விசாரணையில ‘அவளுக்கு மெஷினைப் பத்தி ஒண்ணுமே தெரியாது’ன்னு சொன்ன."

"இரக்கப்படுவாங்கன்னு சொன்னேன்."

"இரக்கப்பட்டாங்க. ‘மெஷின் பத்தி எதுவும் தெரியாதவங்க, அதனாலதான் கவனக்குறைவு’ன்னு அவர் அதையே பிடிச்சிக்கிட்டாரு. ஒண்ணும் தெரியாதவ எழுதின புத்தகத்தை யாரு புரட்டிப் பாப்பாங்க?"

"எந்தப் புத்தகம்?"

"பழுதுப் புத்தகம். மெஷின் பக்கத்துல தொங்குமே. கம்பி கட்டியிருக்குன்னு அதுல ரெண்டு தடவை எழுதியிருக்கேன். தேதி போட்டு. ரெண்டு தடவை நானே அவிழ்த்தும் விட்டேன். அவர் மறுபடியும் கட்டினாரு. எனக்கு எல்லாம் தெரியும்க்கா. அந்த மெஷினைப் பத்தி அவரை விட எனக்கு நல்லாத் தெரியும். ஒன்பது வருஷம் அது கூட நின்னிருக்கேன்."

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்போ சொல்றது?"

மூத்தவள் ஆறு மாதத்தையும் ஒரு விரிப்பைப்போல உதறிப் பார்த்தாள். எங்கேயும் ஓர் இடைவெளி அகப்படவில்லை. எல்லா இடத்திலும் அவள் குரலே நிறைந்திருந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைத்தான் தந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கீரைக் கட்டை இழுத்து வைத்துக்கொண்டு, செருப்போடு உட்கார்ந்து, காம்பு வேறு இலை வேறு என்று பார்க்காமல் கிள்ளித் தள்ளினாள்.

"ஒரு வாரம் நாக்கு ஒட்டணும்னு நான்தானே ஜெபம் பண்ணித் தொலைச்சேன்" என்றாள் கடைசியில்.

இளையவள் சிரித்துவிட்டாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் ஜெபம் பண்ணவே இல்லை. முழங்காலிட்டாள், எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்கதானே இவங்களுக்காகப் பேசுவீங்க?" என்று மூத்தவளைக் கேட்டார்.

மூத்தவள் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். அதிகாரிக்கு ஆச்சரியம். பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நான் பேசறேன் சார்" என்றாள் இளையவள். கையை யாருக்கும் காட்டவில்லை, மடியில் வைத்திருந்தாள். "கம்பியை அவர் கட்டினார். நான் அவிழ்த்தேன். மறுபடியும் கட்டினார். திரும்ப அவிழ்த்தேன். ‘இன்னொரு தடவை அவிழ்த்தா அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிடுவேன்’னு சொன்னார். அதனால மூணாவது தடவை அவிழ்க்கல. அதுதான் நான் செஞ்ச தப்பு."

ஒவ்வொரு ‘ர்’ரும் ஆணி அறைந்த மாதிரி விழுந்தது. ‘அவன்’ என்று சொல்லியிருந்தால் ஆத்திரக்காரி என்று ஒதுக்கிவிடலாம். இந்த ‘அவ’ரை என்ன செய்வது? மூத்தவளுக்கு ஆத்திரத்தோடு ஆத்திரமாக ஒரு பெருமையும் வந்தது.

"சார், இவங்களுக்கு மெஷினைப் பத்தி எதுவுமே தெரியாதுன்னு இவங்க அக்காவே போன தடவை சொல்லியிருக்காங்க. எழுத்துல இருக்கு" என்றார் சூப்பர்வைசர். அவர் குரலில் ஒரு குழைவு இருந்தது. மூத்தவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். அவன் குரல்வளையைப் பிடித்திருக்க வேண்டிய கை அது.

அதிகாரி அவளிடம் திரும்பினார். "நீங்க சொன்னதுதானே?"

கேட்டால் பேசலாம் அல்லவா? எத்தனையோ வந்தது வாய்க்கு. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் வெளியே விட்டாள்.

"நான் சொன்னது தப்பு சார். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவளையே கேளுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அவள் மெதுவாகச் சொன்னது அது ஒன்றுதான்.

"பழுதுப் புத்தகம் இங்க இருக்கா?" என்று கேட்டாள் இளையவள். இருந்தது, மற்ற காகிதங்களுக்கு அடியில், யாரும் திறக்காமல். அதிகாரி புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். பின் இன்னொரு பக்கத்தில். கண்ணாடியைக் கழற்றி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதை எழுதிக் குடுக்கணும்மா."

மேஜையில் இருந்த பேனாவுக்கு மூத்தவளின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்று, தன் மடிக்கே திரும்பியது. இளையவள் இடது கையால் பேனாவை எடுத்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதின. ஒரு பக்கம் எழுத அரைமணி நேரம் ஆனது. மூன்று அதிகாரிகளும் காத்திருந்தார்கள். சூப்பர்வைசரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அரைமணி நேரம் மூத்தவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு அதிகாரி பழைய அறிக்கையை எடுத்து, காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். மூத்தவள் எட்டிப் பார்த்தாள். வார்த்தையின் மேல் போட்டாரா, கீழே போட்டாரா? அடித்த கோடா, அடிக்கோடா? கேட்கக் கூடாது. வெளியே வரும்வரை கேட்கவில்லை. வாசலைத் தாண்டியதும் தாங்கவில்லை.

"அடிச்சானா இல்லையாடி?"

"அடிச்சிட்டாருக்கா. பக்கத்துல கையெழுத்தும் போட்டாரு."

மூத்தவள் நடுத்தெருவில் நின்று அழுதாள். போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் அழுதாள். அதற்குமேல் அடக்க அவளால் முடியாது.

சனிக்கிழமை அந்த வாரத்தின் கடைசி ஜெபம். மூத்தவள் முழங்காலிட்டாள். இளையவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"நீ சும்மா இரு அக்கா. இன்னைக்கு நான் பண்றேன்."

"சங்குக்காகவா?"

"சங்குக்கு நீ ஏற்கெனவே நிறையப் பண்ணிட்ட." இளையவள் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எங்க சூப்பர்வைசருக்காக. அவர் இனிமே எந்தக் கம்பியையும் கட்ட வேணாம். யார் கையும் அந்த மெஷின்ல போக வேணாம். செஞ்சதை அவர் வாயாலயே ஒத்துக்கட்டும். ஒத்துக்கிட்டப்புறம் அவருக்கு நிம்மதியான தூக்கத்தைத் தாரும். அவர் பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

பக்கத்திலிருந்து ஆமென் வரவில்லை. இளையவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒத்துக்கற வரைக்கும் ஆமென். பிள்ளைங்களுக்கும் ஆமென், அதுங்க என்ன பண்ணிச்சு?"

"தூக்கத்துக்கு?"

"யோசிக்கணும்."

"‘அவரு’க்கு?"

மூத்தவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள்.

"‘அவ’ வரைக்கும் ஆமென்" என்றாள். "‘ர்’ரை ஆண்டவர் போட்டுக்கட்டும்."